தரவுக் கிடங்கு தோன்றி வளர்ந்த வரலாறு

ஒரு வங்கியின் கணிப்பொறியை நாடி இருவகைக் கேள்விகள் வருகின்றன. இந்தக் கணக்கில் இப்பொழுது எவ்வளவு பணம் இருக்கிறது என்பது ஒன்று. சென்ற ஐந்து ஆண்டுகளில் எந்தக் கிளையில், எவ்வகை வைப்பு, எந்தெந்த மாதங்களில் குறைந்து வந்திருக்கிறது என்பது மற்றொன்று. முன்னதற்கு ஒரு பதிவைத் தொட்டால் போதும். பின்னதற்கோ கோடிக்கணக்கான பதிவுகளைப் புரட்டியாக வேண்டும். இவ்விரு காரியங்களையும் ஒரே தரவுத்தளத்தின்மீது ஒரே வேளையில் சுமத்தினால், காசாளர் முன் நிற்பவர் காலதாமதத்துக்கு உள்ளாவார் என்ற அனுபவமே, அன்றாட நடவடிக்கையினின்று ஆராய்ச்சியைப் பிரித்து வைக்கும் தரவுக் கிடங்குக்கு முதற்காரணமாயிற்று.

1970-இல் ஐபிஎம் நிறுவனத்து ஆராய்ச்சியாளர் எட்கர் காட் வெளியிட்ட கட்டுரை, தரவுகளை அட்டவணைகளாக வகுத்து, அவை வட்டில் எவ்வாறு வைக்கப்பட்டிருக்கின்றன என்பதை அறியாமலே வினவுவதற்கு வழி திறந்தது. வழி பிறந்ததே ஒழிய, விஸ்தாரமான வினாவுக்கு விரைந்து விடை தரும் சாதனம் அன்று இல்லை. அக்குறையை நீக்க 1979-இல் கலிபோர்னியாவில் தோன்றிய டெராடேட்டா நிறுவனம், ஒரு பெரிய வேலையைப் பல சிறு செயலிகளுக்குப் பங்கிட்டு, ஒவ்வொன்றும் தன் வசமுள்ள வட்டை மட்டும் தேடிக் கொணரும் விடைகளை இறுதியில் ஒன்றுசேர்க்கும் முறையைக் கையாண்டது. 1984-இல் வெளிவந்த அதன் இயந்திரத்துக்கு டிபிசி/1012 என்று பெயர். ஒரு லட்சம் கோடி பைட்டுகள், அதாவது பத்தின் பன்னிரண்டாம் அடுக்கு, என்ற இலட்சியம் அந்த எண்ணில் அடங்கியிருக்கிறது. வட்டின் கொள்ளளவை மெகாபைட்டுகளில் எண்ணிய காலத்தில் அது மகத்தான துணிவு.

வேகம் ஒன்றே குறையாயிருந்திருப்பின் இச்சரித்திரம் அங்கேயே முற்றுப்பெற்றிருக்கும். ஒரு வர்த்தக ஸ்தாபனத்தில் ‘விற்பனை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆணை கிடைத்த நாளே விற்பனை நாள் என்பார் விற்பனை இலாகாவினர். சரக்கு வெளியேறிய நாள் என்பார் கிடங்குக் கணக்கர். பணம் வந்து சேர்ந்த நாளையே கணக்கில் கொள்வார் காசுக் கணக்கர். மூவர் தரும் அறிக்கைகளும் தத்தம் அளவில் சரியாகவே இருக்க, அவற்றைப் பெறும் முதலாளியோ எதையும் நம்ப இயலாதவராகிறார். 1988-இல் ஐபிஎம் சிஸ்டம்ஸ் ஜர்னலில் பாரி டெவ்லினும் பால் மர்ஃபியும் எழுதிய கட்டுரை, சிதறிக் கிடந்த தகவல்களை ஒழுங்குபடுத்தி, வாசிப்பதற்கு மட்டுமே உரிய ஒரு பொதுக் களஞ்சியத்தில் சேர்க்கும் அமைப்பை வகுத்து, அதற்கு ‘வணிகத் தரவுக் கிடங்கு’ என்று பெயரிட்டது. இத்துறையின் உண்மையான ஜனனம் அதுவே என்பது என் அபிப்பிராயம்.

1992-இல் நூல் வெளியிட்ட பில் இன்மன், பொருள் சார்ந்திருத்தல், ஒருங்கிணைந்திருத்தல், காலத்தைத் தாங்கியிருத்தல், மாறாதிருத்தல் என நான்கு லட்சணங்களைக் கிடங்குக்கு வகுத்தார். பின்னிரண்டின் அருமையை ஓர் உதாரணத்தால் உணரலாம். வாடிக்கையாளர் ஒருவர் ஊர் மாறினால், அன்றாடத் தரவுத்தளம் பழைய முகவரியை அழித்துப் புதியதை எழுதிவிடும். உடனே, அவர் சென்ற ஆண்டு வாங்கிய சரக்கெல்லாம் அவர் அப்போது கண்டிராத ஊரின் கணக்கில் ஏறிவிடும்! கிடங்கிலோ பழைய வரி தன் தேதிகளோடு நிற்க, புதிய வரி அதனருகே சேர்கிறது.

1996-இல் ரால்ஃப் கிம்பால் தம் நூலில், அளவுகள் நடுவிலும் நாள், சரக்கு, கடை போன்ற விவரணைகள் சுற்றிலுமாக அமையும் நட்சத்திர அமைப்பை விளக்கினார். முதலில் நிறுவனம் முழுவதற்குமான கிடங்கு என்றார் இன்மன்; துறைதோறும் தொடங்கிப் பொதுவான விவரணைகளால் பிணைக்கலாம் என்றார் கிம்பால். நெடுங்காலம் நிகழ்ந்த இவ்விவாதத்தில், வாசகனின் சௌகரியத்தை நன்கறிந்தவர் கிம்பாலே. ஆனால் அந்தப் பொதுவான விவரணைகளும் இலாகாக்களின் உடன்பாடு இன்றி அமைவதில்லை. ஆகவே அடிப்படையில் இருவரும் ஒன்றையே கோரினர்.

பின்னர் வந்தவற்றைச் சுருங்கச் சொல்லலாம். மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் குழுவினரின் 2005-ஆம் ஆண்டு சி-ஸ்டோர் கட்டுரை, வரி வரியாக அன்றிப் பத்தி பத்தியாகத் தரவைச் சேமிக்கும் முறைக்கு வலுவூட்டியது; 2012-இல் அமேசான் ரெட்ஷிஃப்டை அறிவித்தது; அவ்வாண்டே தோன்றிய ஸ்னோஃப்ளேக், சேமிப்பையும் கணிப்பையும் தனித்தனியே வளரவிட்டது. கணிப்பு மலிந்ததும், தரவைச் சுத்திகரித்து ஏற்றும் பழைய வழக்கம் மாறி, வந்தபடியே ஏற்றிப் பிறகு சீராக்கும் வழக்கம் பரவிற்று. இதனால் காலம் மிச்சப்பட்டது மெய். சொல்லுக்குப் பொருள் காணும் கடமை ஒத்திவைக்கப்பட்டதும் மெய்.

ஆதலின், புதிதாகக் கிடங்கு அமைக்கப் புகுவோர், எந்த நிறுவனத்தின் மென்பொருளை வாங்கலாம் என்று விசாரிப்பதற்கு முன், தம் இலாகாத் தலைவர்களை ஒரே மேசையில் அமர்த்தி, விற்பனை என்பது எந்த நாள் என எழுதி, அனைவரிடமும் கையொப்பம் பெற்றுக்கொள்வார்களாக.