கரிசற் காட்டிலிருந்து கடற்றுறைக்கு



தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, கோவில்பட்டியின்மேல் ஒரு விரலையும் தூத்துக்குடியின்மேல் மற்றொரு விரலையும் வையுங்கள். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தூரம் இருக்கும். முன்னது ஐப்பசி மழையை நம்பி வானம் பார்த்திருக்கும் கரிசற் சீமை. பின்னது முத்தும் சங்கும் விளைந்த கடற்றுறை. இவ்விரண்டையும் இணைத்த வழியிலே, சென்ற நூற்றைம்பது ஆண்டுகளில் எவை எவை ஓடின, அவற்றை ஓட்டிய ஆற்றல் எங்கிருந்து வந்தது, அதற்காக மண்ணும் காற்றும் கடலும் கொடுத்த விலை என்ன, அவ்விலையைக் குறைக்க மக்கள் செய்த முயற்சிகள் யாவை என்பதே இன்று நான் கூற விரும்புவது. வரலாறு என்றால் அரசர் பெயரும் போர் நடந்த ஆண்டும் மட்டுமே என்று எண்ணிவிடலாகாது. வண்டிச் சக்கரத்துக்கும் வரலாறு உண்டு. தோணியின் பாய்க்கும் உண்டு.

முதலில் காளைகளின் காலத்தைக் காண்போம். கரிசல் மண் ஈரத்தை நெடுநாள் தன்னுள் வைத்திருக்கும் இயல்புடையது. ஆகவே, அது பருத்திக்கு ஏற்ற நிலமாயிற்று. 'திருநெல்வேலிப் பருத்தி' என்ற பெயர் கடல் கடந்து இங்கிலாந்தின் நூற்பாலைகள்வரை சென்றது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது, அந்நாட்டுப் பருத்தி இங்கிலாந்துக்குச் செல்வது தடைப்பட்டது. அதனால் நம் பருத்திக்குப் பெருங்கிராக்கி உண்டாயிற்று. பருத்திப் பொதிகளை ஏற்றிய பாரவண்டிகள் இரவெல்லாம் வரிசையாக நடந்து தூத்துக்குடியை அடைந்தன. அவ்வண்டிகளை இழுத்த ஆற்றல் சோளத்தட்டையிலும் பருத்திக்கொட்டையிலும் இருந்தது. நிலம் தந்ததைத் தின்ற காளை, சாணமாக மீண்டும் நிலத்துக்கே கொடுத்தது.

தூத்துக்குடியிலே கடல் ஆழமற்றது. பெரிய கப்பல்கள் கரையை அணுக முடியாமல் பல மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். கரையிலிருந்து சரக்கை அங்குக் கொண்டு சேர்த்தவை தோணிகள். அத்தோணிகளே கொழும்புக்கும் பாய் விரித்துச் சென்று வந்தன. ஓடும் வெங்காயமும் கருவாடும் ஏற்றிச் சென்ற அவை, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் காற்றையே நம்பியிருந்தன என்பது வியப்புக்குரிய செய்தி. கரிசற் காட்டில் ஆனி, ஆடி மாதங்களில் புழுதியைக் கிளப்பி வீசும் மேலைக்காற்றைக் கடற்கரையார் 'கச்சான்' என்பர். நம்மூரில் கண்ணைக் கரிக்கும் அதே காற்று, அங்கே பாயைப் புடைக்கச் செய்தது.

ஆயினும், அக்காலத்தைப் பொற்காலம் என்று நான் கூறமாட்டேன். வண்டிமாட்டின் கழுத்துப் புண்ணை நான் சிறுவயதிற் கண்டிருக்கிறேன். காற்று நின்றால் தோணி நடுக்கடலில் நின்றுவிடும். காற்று மிகுந்தால் கவிழும். மனிதன் இவற்றினின்று விடுதலை நாடியது குற்றமன்று.

அவ்விடுதலை நீராவியின் வடிவில் வந்தது. 1876ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, மணியாச்சி வழியாகத் தூத்துக்குடிக்கு இரயில் பாதை திறக்கப்பட்டது. வண்டிக்காரன் இரவெல்லாம் கடந்த தூரத்தை இரயில் சில மணி நேரத்திற் கடந்தது. கொழும்புக்குச் செல்வோர் இவ்வழியே வந்து கப்பலேறினர். 1914இல் தனுஷ்கோடி வழி திறக்கப்படும்வரை இதுவே இலங்கைக்குரிய வழியாயிருந்தது. பருத்தி வெளியே செல்வதோடு நில்லாமல், இங்கேயே நூலாகவும் தொடங்கியது. 1888இல் தூத்துக்குடியில் ஹார்வி சகோதரர்களின் கோரல் மில் தோன்றியது.

கரிசற் சீமையைச் சேர்ந்த ஒட்டப்பிடாரத்திற் பிறந்த வ. உ. சிதம்பரனார், 1906இல் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவினார். 1907இல் 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் அதற்காக வந்து சேர்ந்தன. கடல்வழி யாருக்குச் சொந்தம் என்ற வினாவை அவர் எழுப்பினார். கப்பலை ஓட்டியது நிலக்கரி. ஆனால் அன்று எவரும் அதன் புகையைப் பற்றிக் கவலைப்படவில்லை. அடிமைத்தனமே முதற் கவலையாக இருந்தது. அது நியாயமே. எனினும், வழி யாருக்குச் சொந்தம் என்ற அவ்வினாவுக்கு இன்று நாம் மற்றொரு வினாவையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. அவ்வழியின் செலவை யார் சுமப்பது?

நிலக்கரிக்குப் பின் டீசல் வந்தது. 1974ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் தூத்துக்குடி பெருந்துறைமுகமாயிற்று. கோவில்பட்டியின் தீப்பெட்டியும் நூலும் லாரிகளில் ஏறின. லாரி வீட்டு வாசலுக்கே வந்து சரக்கை ஏற்றியது. இரயிலால் அது இயலாது. ஆனால், இரும்புப் பாதையில் இரும்புச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. தார்ச்சாலையில் ரப்பர் சக்கரம் உருளும்போது அது பன்மடங்கு மிகுதி. ஒரே எடையை ஒரே தூரம் கொண்டுசெல்ல லாரிக்கு இரயிலைவிட மிகுதியான எரிபொருள் வேண்டும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு காற்றிற் கலக்கிறது. லிட்டருக்குள் இருந்த பொருளைவிட வெளிவரும் வாயுவின் எடை மிகுவது எவ்வாறு என்று சிலர் வினவலாம். டீசலிலுள்ள கரி, காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்கிறது. அதன் எடையும் கூடுகிறது. இதை உங்கள் வேதியியல் ஆசிரியரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

இதே டீசல் எஞ்சின் மீன்பிடி படகிலும் ஏறியது. அதன் கதையே இப்பேச்சின் முக்கியப் பகுதி.

சுதந்திரம் பெற்ற பின், நாட்டில் உணவுப் பற்றாக்குறை நீங்க வேண்டும், மீனவர் வறுமை தீர வேண்டும் என்ற நல்லெண்ணத்தால் விசைப்படகுகள் புகுத்தப்பட்டன. நார்வே நாட்டின் உதவியோடு 1953இல் கேரளக் கரையில் தொடங்கிய திட்டம் அதற்கு ஒரு முன்மாதிரி. அந்நாட்களில் வெளிநாட்டார் இறாலை நல்ல விலைக்கு வாங்கினர். இறால் கடலின் அடித்தரையில் வாழ்வது. எனவே, அடித்தரையைத் துழாவி இழுக்கும் இழுவைமடி பெருகியது. இம்மடியின் வாயைத் திறந்து வைக்க இருபுறமும் கனத்த பலகைகள் உண்டு. அடியில் சங்கிலி உண்டு. இவை கடற்றரையை உழுதுகொண்டே செல்லும். கரிசற் குடியானவன் கோடையில் உழுவான். விதைத்து முளைத்த பின் உழமாட்டான். மடியோ பருவம் பார்ப்பதில்லை. இறாலோடு, விலைபோகாத குஞ்சு மீன்களும் கடற்புற்களும் அதனுள் அகப்பட்டு அழிந்தன.

நான் ஆசிரியனாக இருந்த காலத்தில், ஒரு விடுமுறையின்போது வேம்பாற்றுக் கடற்கரையில் முதியவர் ஒருவரோடு உரையாடினேன். வல்லத்தில் சென்று வலை வீசியவர் அவர். எங்கள் ஊர்க் கரிசலை நன்கு அறிந்தவர். அவர் சொன்னார்: "வாத்தியாரையா, உங்க ஊர்ல பருத்திக்கொட்டையை அரைச்சு மாட்டுக்கு வைக்கிறீங்க, சரிதான். விதைக்கு எடுத்து வச்ச கொட்டையையும் சேத்து அரைச்சு வச்சுட்டா, மறுவருஷம் காட்டுல எதை விதைப்பீங்க? குஞ்சு மீனை அள்ளுறதும் அந்தக் கணக்குத்தான்." நான் எத்தனையோ நூல்களைப் படித்திருக்கிறேன், இதைவிடத் தெளிவாக எவரும் எனக்கு இதை விளக்கியதில்லை.

கரையோரக் கடலில் விசைப்படகுகள் புகுந்தபோது, நாட்டுப்படகினரின் வலைகள் அறுந்தன, மீனும் குறைந்தது. 1970களில் தமிழகக் கரையில் பல இடங்களில் இருசாராரும் மோதினர். படகுகள் எரிந்தன; உயிர்களும் போயின. 1976இல் மத்திய அரசு மஜும்தார் குழுவை அமைத்து இச்சிக்கலை ஆராய்ந்தது. பின்னர், 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதன்படி, கரையிலிருந்து 3 கடல்மைல் வரையுள்ள பகுதி நாட்டுப்படகுகளுக்கு உரியதாயிற்று. விசைப்படகுகள் காலை 5 மணிக்குப் பின் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற விதியும் ஏற்பட்டது. 2001 முதல், மீன்கள் இனம்பெருகும் காலத்தில் 45 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. 2017இல் அது 61 நாட்களாயிற்று. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அக்காலம் அமைகிறது. பேரொளி விளக்குகளால் மீனைக் கவர்ந்து பிடிப்பதையும் மத்திய அரசு 2017இல் தடுத்தது.

கடலுக்கே ஒரு காப்பிடமும் வகுக்கப்பட்டது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் இராமேசுவரம் பகுதி வரை 21 தீவுகள் இருந்தன. 1986இல் அவை தேசியக் கடற்பூங்காவாயின; 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. ஆனால், அதற்கு முன்பே சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பவளப் பாறைகள் படகு படகாக வெட்டி எடுக்கப்பட்டிருந்தன. அரண் இழந்த தீவுகளை அலை அரித்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டும் நீருள் மறைந்தன. பெயர் மட்டும் எஞ்சிய தீவுகள் அவை.

இவ்விதிகளால் எல்லாம் சரியாகிவிட்டதா என்று நீங்கள் கேட்பீர்கள். ஆகவில்லை. தடையுள்ள வலைகள் இன்றும் அகப்படுகின்றன. எல்லை மீறும் படகுகளும் உண்டு. மறுபக்கத்தையும் நாம் காண வேண்டும். விசைப்படகில் உழைப்பவர் பலர் கூலிக்காரர். படகின் உரிமையாளரும் பெரும்பாலும் கடன்பட்டவர். தடைக்காலத்தில் அவர் வீட்டு அடுப்பு எரிய வேண்டும். கடலைக் காக்கும் செலவு முழுவதையும் அவர் தலையில் ஏற்றிவிட்டு, மலிவான மீனை நாம் உண்பது நீதியாகாது.

செலவைக் குறைக்கும் வழியை அறிவியலும் காட்டுகிறது. ஒரு கிலோ மீன் பிடிக்க இழுவைமடிக்கு ஏறத்தாழ 0.8 கிலோ எரிபொருள் தேவை என்றும், செவுள் வலைக்கும் ஆயிரங்கால் தூண்டிலுக்கும் 0.15 முதல் 0.25 கிலோ போதும் என்றும் 1980களில் ஒரு கணக்கு வெளியாயிற்று. மடியை இழுப்பதிலேயே எண்ணெய் கரைகிறது. வேகத்தைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. படகுக்கு வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கு ஒப்ப மிகும். வேகத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால், ஆற்றல் 0.9 × 0.9 × 0.9, அதாவது 0.729 ஆகும். நேரம் சிறிது கூடினாலும், அதே தூரத்துக்கு எரிபொருளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும். பெருங்கப்பலுக்கும் இக்கணக்கே பொருந்தும். கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம், எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடும் 'சாகர் ஹரிதா' என்ற படகை 2016இல் கட்டிக் கடலில் இறக்கியது. உலகக் கப்பல்கள் எரிக்கும் எண்ணெயில் கந்தகத்தின் அளவு 2020 ஜனவரி முதல் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

இனி மீண்டும் நம் கரிசலுக்கு வருவோம். 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் காற்றாலைகள் நிறுவப்பட்டன. பின்னர் கயத்தாற்றுப் பகுதியெங்கும் அவை எழுந்தன. புழுதியை வாரித் தூற்றிய ஆடிக் காற்று மின்சாரமாயிற்று. மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் இரயில் இன்று மின்சாரத்தால் ஓடுகிறது. 2025 செப்டம்பரில், வ. உ. சிதம்பரனாரின் பெயர் தாங்கிய துறைமுகத்தில் பசுமை நீரகம் செய்யும் ஒரு சிறு சோதனை நிலையம் திறக்கப்பட்டது. நீரை மின்சாரத்தாற் பிரித்து நீரகம் எடுப்பது அதன் தொழில்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மின்சார வண்டி புகை விடுவதில்லை. ஆனால், அம்மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். தூத்துக்குடியில் 1979 முதல் அனல் மின்நிலையமும் இயங்கிவந்திருக்கிறது. அது நிலக்கரியை எரிப்பது. புகையை இரயிலிலிருந்து புகைபோக்கிக்கு மாற்றிவிட்டு மகிழ்ந்துவிடலாகாது. காற்றும் வெயிலும் தரும் மின்சாரம் மிகுந்தால்தான் அம்மாற்றம் முழுமையான பயன் தரும்.

மாணவர்களே, இவ்வரலாற்றிலிருந்து நான் கற்ற பாடம் ஒன்றே. எஞ்சினைக் கைவிட்டு வண்டிமாட்டுக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. அது நடவாது, நடக்கவும் வேண்டாம். புதிய ஆற்றல் ஒன்று வந்தபோதெல்லாம் அதன் வேகத்தை நாம் உடனே எடுத்துக்கொண்டோம்; அதற்குரிய கட்டுப்பாட்டைப் பல ஆண்டுகள் கழித்து, மோதலும் அழிவும் கண்ட பின்பே வகுத்தோம். விசைப்படகு வந்ததற்கும் சட்டம் வந்ததற்கும் இடையே சென்ற காலத்தை எண்ணிப் பாருங்கள். உங்கள் காலத்திலும் புதிய எஞ்சின்கள் வரும். அன்று கட்டுப்பாட்டையும் எஞ்சினோடு சேர்த்தே கொண்டுவருவது உங்கள் கடமை.

அடுத்த முறை கோவில்பட்டி நிலையத்தில் தூத்துக்குடி வண்டி ஏறினால், சன்னலோரம் அமருங்கள். கரிசற் காட்டில் பருத்தி வெடித்திருக்கிறதா என்று பாருங்கள்; தொலைவில் காற்றாலை சுழல்கிறதா என்று பாருங்கள். துறைமுகம் சேர்ந்ததும், கரையிற் கொட்டப்பட்ட மீன் குவியலில் குஞ்சுகள் எத்தனை என்றும் பாருங்கள். விதைக்கு வைத்ததை அரைக்காதீர்கள் என்று அம்முதியவர் சொன்னது அப்போது உங்கள் நினைவுக்கு வருமாயின், இப்பேச்சின் பயன் நிறைவேறியதாகும்.