தறையாணியிலிருந்து பற்றவைப்புக்கு: இரண்டு அலுமினியப் பாலங்கள்

"பற்றவைப்பா? படிப்பு ஏறாத பிள்ளைகளின் வேலையல்லவா அது?" என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்காகவே இவ்வரலாற்றை எழுதுகிறேன்.

கனடாவின் கியூபெக் மாநிலத்தில், அர்விடா எனும் ஊரில், 1950-ஆம் ஆண்டு சகனே ஆற்றின் குறுக்கே அலுமினிய வளைவுப் பாலம் ஒன்று எழுந்தது. வளைவின் இடைத்தூரம் ஏறத்தாழ 88 மீட்டர். எஃகுப் பாலத்தின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அதன் எடை. அதன் உறுப்புகளைப் பிணைத்தவை பற்றவைப்புகள் அல்ல. ரிவெட் எனப்படும் தறையாணிகள்.

அலுமினியத்தைப் பற்றவைப்பது எளிதன்று. அது 660 பாகை செல்சியசில் உருகும். அதன்மேல் படிந்துள்ள ஆக்சைடு படலம் உருகவோ 2000 பாகைக்கு மேல் வேண்டும். படலம் நீங்காவிடில் இணைப்பு கூடாது. இரும்பைப்போல் சிவந்து எச்சரிக்கவும் செய்யாது. வெண்ணிறம் மாறாமலே உருகிவிடும். படலத்தைக் கரைக்க முன்னாளில் இட்ட உப்புக் கலவையின் எச்சம் பின்னர் உலோகத்தையே அரித்தது. 1940-களில், ஆர்கன் போன்ற வாயுக்களைக் காப்பாகக் கொண்ட மின்வில் முறைகள் தோன்றிய பிறகே வழி பிறந்தது.

ஆயினும் வடிவமைப்பாளருக்கு வேறொரு சிக்கல் இருந்தது. வெப்பப் பதனத்தால் வலுவேறிய 6061-டி6 கலவையைப் பற்றவைத்தால், அந்த வெப்பமே பதனத்தைக் கெடுத்து, இணைப்பையொட்டிய பகுதியின் வலிமையை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும். ஆகவே, பொறியாளர் இணைப்பைச் சுமை குறைந்த இடத்திற்கு நகர்த்துவார்; அல்லது தகட்டைத் தடிப்பாக்குவார்; அல்லது வெப்பப் பதனத்தைச் சாராத மக்னீசியக் கலவையைத் தேர்வார்.

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் 1958-இல் கட்டிய நெடுஞ்சாலைப் பாலத்தில் இந்த மூன்றாம் வழியையே கைக்கொண்டனர். அந்நாட்டில் பற்றவைத்த அலுமினியத் தூலங்களால் அமைந்த முதல் நெடுஞ்சாலைப் பாலம் அது. அதற்குப் பயன்பட்டது 5083 எனும் மக்னீசியக் கலவை. 1993-இல் சாலை மறுசீரமைப்புக்காக அதனைப் பிரித்தபோது, அதன் தூலங்கள் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டன.

இப்பாலத்தின் உறுதிக்குப் பொறியாளரின் கணக்கு மட்டும் போதாது. இணைப்பிடத்தைத் துடைத்துத் தூய்மையாக்கி, வெப்பத்தின் அளவறிந்து செயல்பட்ட பற்றவைப்பாளரின் கையும் வேண்டியிருந்தது. உலோகவியல், வெப்பவியல், கணிதம் மூன்றும் கூடும் இடம் அது. பிள்ளை தொழிற்கல்லூரியை நாடினால் முகஞ்சுளிப்பதற்கு முன், பெற்றோர் இதனை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.