வளர்ச்சிக் குன்றலும் பேச்சு வளர்ச்சியும்: அந்தமான் நிக்கோபார் தீவுகள்

நெடுநாள் ஊட்டக்குறைவால் குழந்தை வயதுக்கேற்ற உயரத்தை எட்டாமல் போவதே வளர்ச்சிக் குன்றல். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 22 விழுக்காட்டினர் இந்நிலையில் இருந்தனர். நாட்டுச் சராசரியான 35.5 விழுக்காட்டைவிட இது குறைவுதான். ஆனாலும் ஐந்தில் ஒரு குழந்தைக்கு மேல் பாதிக்கப்பட்டிருப்பதைச் சிறிய சிக்கல் என்று கருத முடியாது.

கருவுற்றது முதல் இரண்டு வயது வரையிலான ஏறத்தாழ 1000 நாட்களில் மூளை மிக விரைவாக வளர்கிறது. பேச்சுக்கான அடித்தளமும் அப்போதுதான் அமைகிறது. இரும்புச்சத்து குறைந்தால் நரம்பிழைகளின் மேலுறை உருவாவது தாமதமாகி, செவியிலிருந்து மூளைக்குச் செய்தி செல்வது மெதுவாகும். கருவில் அயோடின் மிகவும் குறைந்தால் கேட்கும் திறனே பழுதுபடலாம். எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தைக்கு அடிக்கடி காதில் சீழ் வடிந்தால், சொற்கள் தெளிவாகக் கேட்பதில்லை. இவற்றோடு சோர்வும் சேர்கிறது. சோர்ந்த குழந்தை தவழ்ந்து பொருட்களைத் தேடாது, குரல் எழுப்பி அழைக்காது. பெரியவர்களும் அதனிடம் பேசுவதைக் குறைத்துவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இந்த இழப்பே மிகப் பெரியது என்று சொல்லத் தோன்றுகிறது.

ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் சாலி கிரந்தம்-மெக்ரெகர் குழுவினர் நடத்திய ஆய்வு (1991), உணவோடு உரையாடலும் தேவை என்பதற்குச் சான்று. வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளில் சிலருக்குப் பால்சார்ந்த கூடுதல் உணவும், சிலருக்கு வாரந்தோறும் வீட்டுக்கே வந்து தாயோடு சேர்ந்து விளையாட்டும் பேச்சும், சிலருக்கு இரண்டும் அளிக்கப்பட்டன. இரண்டும் பெற்றவர்களே மிகுதியாக முன்னேறினர். வேலூர்க் குடிசைப்பகுதிகளில் 2010 முதல் பிறந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்விலும், 2 வயதிலும் 5 வயதிலும் உயரம் குன்றியே இருந்தவர்கள் 9 வயதில் அறிதிறன் தேர்வுகளில் பின்தங்கியிருந்தனர்.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் உயர அளவுகோலைக் கவனமாகக் கையாள வேண்டும். இங்குள்ள பழங்குடியினரான ஓங்கே மக்கள் மரபாகவே உயரம் குறைந்தவர்கள். உயரத்தை மட்டும் வைத்து அவர்களின் குழந்தைகளை நோயாளிகள் என்று முத்திரை குத்துவது தவறு. ஆயினும் அவர்களிடையே ஊட்டக்குறைவும் குழந்தை இறப்பும் மிகுதி என்று போர்ட் பிளேர் மண்டல மருத்துவ ஆய்வு மைய அறிஞர்கள் 2006இல் பதிவு செய்துள்ளனர். மொழியை அளப்பதிலும் இதே கவனம் தேவை. வீட்டில் தமிழோ வங்காளமோ நிக்கோபாரியமோ, தெருவில் இந்தி என்பது இங்கே இயல்பு. பல மொழிகள் காதில் விழுவதால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை. எனவே குழந்தை அறிந்த எல்லா மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். இந்தியில் மட்டும் சோதித்தால் நன்கு பேசும் குழந்தையும் பின்தங்கியதாகத் தெரியும்.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டம் கடும் ஊட்டக்குறைவையும் மொழித் தாமதத்தையும் ஒரே பரிசோதனைப் பட்டியலில் வைத்துள்ளது. இரண்டு வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தையை, ‘தானாகப் பேசும்’ என்று காத்திராமல், அங்கன்வாடி வழியாகவோ அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள். எடை, உயரத்தோடு காதையும் சோதிக்கக் கேளுங்கள்.