எம்ஷர் ஆறும் ஈரடுக்குத் தொட்டியும்

ஜெர்மனியின் ரூர் வட்டாரத்தில் ஓடி ரைன் நதியில் கலக்கும் சிற்றாறு எம்ஷர். நிலக்கரிச் சுரங்கங்களால் அங்கே தரை உள்வாங்கிக்கொண்டே இருந்தது. பாதாளச் சாக்கடை பதித்தால் குழாய்கள் உடையும். ஊர்க் கழிவையெல்லாம் ஆறே சுமந்தது.

இதைச் சமாளிக்க 1899இல் நகரங்களும் சுரங்கங்களும் ஆலைகளும் சேர்ந்து கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கின. அதன் பொறியாளர் கார்ல் இம்ஹாஃப் உருவாக்கிய ஈரடுக்குத் தொட்டிக்கு ‘எம்ஷர் கிணறு’ என்று பெயர். மேலடுக்கில் கழிவு படியும். அதன் சரிவான அடிப்பகுதியின் இடுக்கு வழியே கீழடுக்குக்கு இறங்கி, காற்றுப்படாமல் மட்கும். மோட்டார் தேவையில்லை. சிறு ஊர்களுக்கு எவ்வளவு தோதான ஏற்பாடு! கடல் கடந்தும் பரவியது.

ஆறு மட்டும் திறந்த சாக்கடையாகவே கிடந்தது.

சுரங்கங்கள் வடக்கே நகர்ந்து, தரை அடங்கிய பிறகு, 1992இல் மீட்புப்பணி தொடங்கியது. 51 கிலோமீட்டர் நீளப் பாதாளக் கால்வாய் அமைந்தது. 2021 இறுதியில் எம்ஷரில் கழிவுநீர் விழுவது நின்றது.