உவரி என்னும் மூன்றெழுத்து: தமிழ் மென்பொருளும் தொடர் ஒருங்கிணைப்பும்

முன்னுரை

பலர் கூடி மென்பொருள் எழுதும்போது, தனித்தனியே சரியாக இயங்கும் நிரல்களும் ஒன்றுசேர்ந்தபின் பிழைபடுவதுண்டு. இச்சேர்க்கையை இறுதிவரை தள்ளிப்போடாமல், மாற்றந்தோறும் செய்து, தானியங்கு முறையில் சோதிப்பது தொடர் ஒருங்கிணைப்பு எனப்படும். சோதனையில் தேறியதை எந்நேரமும் வெளியிடத்தக்க நிலையில் வைத்திருப்பது தொடர் வழங்கலாகும். இம்முறையின் நம்பகத்தன்மை தமிழ் மென்பொருளில் எதனைச் சார்ந்துள்ளது என்பதே இக்கட்டுரையின் ஆய்பொருள்.

கருவிகளின் வளர்ச்சி

கென்ட் பெக் 1999-இல் வெளியிட்ட எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் பற்றிய நூல் இதனை ஒரு நெறியாக முன்வைத்தது. 2001-இல் குரூஸ்கண்ட்ரோல் என்னும் கருவியும் 2005-இல் ஹட்சனும் வெளிவந்தன. ஹட்சனின் பெரும்பான்மைப் பங்களிப்பாளர்கள் 2011 முதல் ஜென்கின்ஸ் என்னும் பெயரில் பணியைத் தொடர்ந்தனர். தொடர் வழங்கலை விரிவாக விளக்கிய ஹம்பிள், ஃபார்லி ஆகியோரின் நூல் 2010-இல் வெளியாயிற்று. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தமிழுக்கான தரக்குறியேற்றமாக ஏற்றது.

எழுத்தும் சோதனையும்

ஒருங்குறியில் உயிர்மெய்கள் பலவும் இரு குறியீடுகளால் அமைவன. திருநெல்வேலி மாவட்டத்துக் கடலோர ஊரான 'உவரி' தமிழ் இலக்கணப்படி மூன்றெழுத்து. ஒருங்குறியிலோ நான்கு குறியீடு. 'தாமிரபரணி' ஆறெழுத்து, குறியீடுகள் ஒன்பது. குறியீடுகளை மட்டும் எண்ணும் நிரல் இவ்வூர்ப்பெயரைத் தலைகீழாக்கினால் 'ரிவஉ' என வாராது. இகரக்குறி மெய்யிலிருந்து பிரிந்து முன்னே தனித்து நிற்கும். ஆங்கிலச் சொற்களை மட்டுமே கொண்ட சோதனைத் தொகுப்பு இப்பிழையைக் காணாது. பிழையுள்ள பதிப்பும் தேறியதாகவே வெளியாகும்.

எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை முதலியோர் பங்களித்த ஓபன்-தமிழ் பைத்தான் நிரலகம் இச்சிக்கலை நேரடியாக எதிர்கொண்டது. சொல்லைத் தமிழெழுத்துகளாகப் பிரிக்கும் செயற்கூற்றையும், அதனைச் சரிபார்க்கும் சோதனைகளையும் அது மூலநிரலுடனேயே பேணுகிறது. அங்கே எழுத்திலக்கணம் சோதனை விதியாக மாறியுள்ளது.

முடிவுரை

கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் பல சார்ந்திருந்த டிராவிஸ் தளத்தின் பழைய இலவசச் சேவை 2021 சூனில் மூடப்பட்டது. கருவி மறைந்தாலும், மூலநிரலோடு வைக்கப்பட்ட சோதனைகளை வேறிடத்தில் மீண்டும் இயக்கலாம். எனவே நம்பகமான வழங்கலுக்கு அடிப்படை, கருவியைக் காட்டிலும், எது பிழை என வரையறுக்கும் சோதனையே. தமிழைப் பொறுத்தவரை அவ்வரையறையை எழுதுவதில் நிரலாளருக்கு நிகரான பொறுப்பு இலக்கண அறிஞருக்கும் உண்டு.