பழைய படைத்துப்பாக்கிகளும் கல்வராயன் மலை நாட்டுத் துப்பாக்கிகளும்

பழைய படைத்துப்பாக்கிகளைப் புதுப்பித்தல் என்பது, பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்ட துப்பாக்கியின் துருவை நீக்கி, அடிக்கட்டை மரத்தைத் தேற்றி, பிரிந்துபோன பாகங்களைப் பொருத்தி, அதில் உள்ள முத்திரைகளைக் கொண்டு அதன் வரலாற்றைப் படித்தறியும் பணியாகும். இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் சேகரிப்பாளர்கள் பலர் இதைக் கூலி எதிர்பாராத விருப்பப் பணியாகச் செய்கின்றனர். இந்தியாவில் ஆயுதச் சட்டம் இப்பணிக்குக் கடுமையான எல்லைகளை வகுத்துள்ளது. அந்த எல்லைகள் ஏன் வந்தன என்பதைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வரலாற்றைக் கொண்டே ஓரளவு விளக்கலாம்.

தியாகதுருகமும் துப்பாக்கிப் போர்களும்

கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே அமைந்துள்ள தியாகதுருகம் மலைக்கோட்டை, 18ஆம் நூற்றாண்டின் கர்நாடகப் போர்களில் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் ஆகிய இரு தரப்பினரும் கைப்பற்ற முயன்ற கோட்டையாகும். 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. அதே ஆண்டில் தியாகதுருகமும் செஞ்சியும் ஆங்கிலேயர் வசமாயின. மூன்றாம் மைசூர்ப் போரின்போது 1790இல் திப்பு சுல்தானின் படை இக்கோட்டையைத் தாக்கியது. முன்பு வந்தவாசிக் கோட்டையை ஐதர் அலியின் முற்றுகையிலிருந்து காத்த பிளின்ட் என்ற ஆங்கிலேய அதிகாரியே அப்போது இங்கும் பொறுப்பில் இருந்தார். மலையுச்சியில் இன்றும் கிடக்கும் பீரங்கிகள் அக்காலத்தை நினைவூட்டுகின்றன.

அப்போர்களில் இருவகைத் துப்பாக்கிகள் பயன்பட்டன. எரியும் திரியை மருந்தில் தொட்டு வெடிக்கச் செய்வது திரித் துப்பாக்கி. சிக்கிமுக்கிக் கல்லை எஃகில் உரசிப் பொறி எழுப்புவது சிக்கிமுக்கித் துப்பாக்கி. கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்கள் ஏந்திய 'பிரௌன் பெஸ்' இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதன் குழல் விட்டம் ஏறத்தாழ முக்கால் அங்குலம். இரு வகையிலும் மருந்தையும் குண்டையும் குழலின் வாய் வழியாக இட்டு, கோலால் இடித்துக் கெட்டிக்க வேண்டும்.

மலையில் நிலைத்த பழைய முறை

படைகள் அடுத்தடுத்த வகைகளுக்கு மாறியபோதும், கல்வராயன் மலையில் வாய்வழி மருந்து கெட்டிக்கும் முறை கைவிடப்படவில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இம்மலை, சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பகுதிகளாக வழங்கப்படுகிறது. மலையாளி எனப்படும் பழங்குடியினர் இங்கு வாழ்கின்றனர். இம்மலை நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் அது அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. சாலையும் காவல் நிலையமும் தொலைவில் இருந்த காலத்தில் காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்கவும் வேட்டைக்கும் நாட்டுத் துப்பாக்கியே மலைமக்களின் கருவியாக இருந்தது.

நாட்டுத் துப்பாக்கியின் அமைப்பு, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் படைகள் ஏந்திய துப்பாக்கியின் அமைப்பே. நீண்ட வழவழப்பான குழல், உள்ளூர் மரத்தில் செதுக்கிய கட்டை, சுத்தியல் போல் விழுந்து அடிக்கும் குதிரை ஆகியவை அதன் பாகங்கள். தொழிற்சாலையில் தோன்றிய ஒரு வடிவம், தொழிற்சாலை அதைக் கைவிட்ட பின்னரும் மலையில் கைத்தொழிலாகத் தொடர்ந்தது. அவ்வகையில் நாட்டுத் துப்பாக்கி தொழில்நுட்ப வரலாற்றுக்கு ஒரு சான்றாகும்.

குழலில் தெரியும் அச்சம்

1853இல் என்ஃபீல்டு ரைபிள் அறிமுகமானது. அதன் குழலின் உட்புறத்தில் திருகு வரிகள் வெட்டப்பட்டிருந்தன. அவ்வரிகள் குண்டைச் சுழலச் செய்ததால் அது தொலைவுக்கு நேராகச் சென்றது. அதன் தோட்டாவில் தடவிய கொழுப்பு பற்றிய ஐயம் 1857 எழுச்சியின் உடனடிக் காரணங்களுள் ஒன்றாயிற்று. எழுச்சிக்குப் பின் இந்தியச் சிப்பாய்களுக்கு வரியில்லாத வழவழப்புக் குழல் துப்பாக்கிகள் வழங்கப்பட்டன. பார்வைக்கு அவை என்ஃபீல்டு போலவே இருந்தாலும் குறி அவ்வளவு நேராக அமையாது. ஆங்கிலேயச் சிப்பாயின் துப்பாக்கியைவிட இந்தியச் சிப்பாயின் துப்பாக்கி ஒரு தலைமுறை பின்தங்கியதாகவே இருக்க வேண்டும் என்பது அக்கால அரசின் எண்ணம். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பொதுமக்கள் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் கட்டாயம் என்றது.

இதே எண்ணம் பிற்காலத்திலும் தொடர்ந்தது. நம் ஊர்க் காவலர்களின் தோளில் பல்லாண்டு தொங்கிய 'த்ரீ நாட் த்ரீ' என்பது லீ என்ஃபீல்டு ரைபிள் ஆகும். 0.303 அங்குலம் என்ற குழல் அளவே அதன் பெயராயிற்று. வங்காளத்தின் இசாப்பூர் தொழிற்சாலை அதை இந்தியாவில் தயாரித்தது. அதே தொழிற்சாலையில் பல ரைபிள்களின் குழல்கள் 0.410 அங்குல வழவழப்புக் குழல்களாக மாற்றப்பட்டுக் காவல் பணிக்கு வழங்கப்பட்டன. படையின் தோட்டா அவற்றுக்கு உரியதன்று. பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த ரைபிளோ 0.315 அங்குல அளவில் செய்யப்பட்டது. அதற்கும் படையின் தோட்டா பொருந்தாது. ஒரு பழைய துப்பாக்கியின் குழலை அளந்து பார்ப்பவர், அதை யார் கையில் கொடுக்க அரசு நம்பியது, யாரை நம்பவில்லை என்பதையும் அறிந்துகொள்கிறார்.

பேணும் முறை

பழைய துப்பாக்கியைப் பேணுவோர் முதலில் செய்வது பாதுகாப்புச் சோதனை. வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகள் பல ஆண்டுகளுக்குப் பின்னும் மருந்தும் குண்டும் உள்ளேயே இருக்கக் கிடைப்பதுண்டு. பொறுப்புள்ள வல்லுநர் மெல்லிய மரக்கோலைக் குழலுள் இறக்கி, அது செல்லும் ஆழத்தை வெளிநீளத்தோடு ஒப்பிடுவார். ஆழம் குறைந்தால் உள்ளே ஏதோ உள்ளது என்று பொருள். பயிற்சியில்லாதவர் இதைத் தொடவே கூடாது.

அடுத்தது ஆவணப்படுத்தல். லீ என்ஃபீல்டில் மன்னரின் மகுட முத்திரை, தயாரித்த ஆண்டு, தொழிற்சாலைப் பெயர், தொடர் எண் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். ஒரே எண் பல பாகங்களிலும் இருந்தால் அவை தொடக்கம் முதல் ஒன்றாக இருந்தவை எனக் கொள்ளலாம். எண்கள் மாறுபட்டால் எங்கோ ஒரு படைப் பணிமனையில் அது பிரித்துச் சேர்க்கப்பட்டிருக்கலாம். அதுவும் வரலாறே.

துரு நீக்குவதில் பொறுமை வேண்டும். மெல்லிய எண்ணெயை ஊறவிட்டு, இரும்பைக் கீறாத மென்மையான பொருளால் சிறிது சிறிதாகத் துடைப்பதே முறை. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினால் முத்திரைகள் அழிந்துவிடும். கட்டையின் பள்ளங்களை ஈரத்துணியும் சூடும் கொண்டு எழுப்பி, ஆளிவிதை எண்ணெய் தடவுவர். மரத்தில் சிப்பாய் கீறிய எழுத்தைத் தேய்த்து நீக்கமாட்டார்கள்.

அறியாமல் செய்யும் திருத்தம் சான்றை அழித்துவிடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இந்தியாவில் சில லீ என்ஃபீல்டு ரைபிள்களின் முன்கட்டையில் கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். பார்ப்பவருக்கு அது உடைந்த மரத்தை ஒட்டுப்போட்டது போலத் தோன்றும். உண்மையில் அது கையெறி குண்டு ஏவுவதற்காகப் படையே செய்த வலுவூட்டல். அழகுக்காகக் கம்பியை அவிழ்த்தவர், அந்தத் துப்பாக்கியின் வரலாற்றில் ஒரு பகுதியையே அவிழ்த்துவிடுகிறார்.

சட்டத்தின் எல்லை

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும். தொழிலாகத் துப்பாக்கி செய்யவும் பழுதுபார்க்கவும் தனி உரிமம் வேண்டும். 0.303 போன்ற படை அளவுத் துப்பாக்கிகள் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகையில் அடங்கும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் உரிமத்துடன் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது.

வழக்கொழிந்த அல்லது தொல்பொருள் மதிப்புள்ள ஆயுதங்களுக்கு 45ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆனால் அந்த ஆயுதம் பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடமுடியாததாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எனவே பழையதைச் சுடும் நிலைக்குக் கொண்டுவருவதைப் புதுப்பித்தலின் நோக்கமாகக் கொள்ளும் பிறநாட்டு வழக்கம் இங்குப் பொருந்தாது. சுடாத நிலையிலேயே, சிதையாமல் காப்பதே இந்தியாவில் பேணுதல் ஆகும். அப்பணி பெரும்பாலும் அருங்காட்சியகங்களில்தான் நடைபெற முடியும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம், புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம் ஆகியவற்றில் பழைய ஆயுதங்களை மாணவர்கள் காணலாம்.

உருக்குவதற்கு முன்

கல்வராயன் மலை உள்ளிட்ட மலைப்பகுதிகளில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்குமாறு காவல்துறை அவ்வப்போது கெடு விதித்து அறிவிக்கிறது. ஒப்படைப்பதே சரியானது. அத்துப்பாக்கிகளால் வனவிலங்குகள் மட்டுமின்றி மனிதர்களும் மாண்டுள்ளனர். உரிமமின்றி வைத்திருந்தால் சிறைத்தண்டனை உண்டு.

ஆனால் ஒப்படைக்கப்பட்டவை அழிக்கப்படும்போது அவற்றோடு ஒரு கைத்தொழிலின் தடயமும் போய்விடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதக் கிடங்கு கலைக்கப்பட்டபோதும் இதுவே நேர்ந்தது. பெரும்பகுதி பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்டுச் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்த சிறுபகுதியே தென்னிந்திய ஆயுதங்களைப் பற்றி நாம் இன்று அறிவதற்குப் பெரிதும் உதவுகிறது.

ஒவ்வொரு நாட்டுத் துப்பாக்கியையும் காப்பாற்ற வேண்டியதில்லை. அழிக்கும் முன் அதன் நீளம், குழல் விட்டம், மரம், கிடைத்த ஊர் ஆகியவற்றைக் குறித்து, ஒரு நிழற்படமும் எடுத்துவைத்தால் போதும். செயலிழக்கச் செய்த சிலவற்றை அருங்காட்சியகத்துக்கு வழங்கலாம். 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டம் தன் வரலாற்றைத் தொகுக்கத் தொடங்கும்போது, ஜாகீர்தார் காலத்து மலைவாழ்வைச் சொல்ல எழுத்துச் சான்றுகள் குறைவாகவே கிடைக்கும். மலைமக்கள் கையால் செய்து கையாண்ட பொருள்களே அங்கு ஆவணங்கள். நாட்டுத் துப்பாக்கியும் அவற்றுள் ஒன்று.