மணல், அட்டை, கைக்கணினி: பழவேற்காட்டுக் கரையிலிருந்து தொடக்கக் கல்வியின் கருவிகள்

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் சாலையில் திருப்பாலைவனம் இருக்கிறது. கிழக்கே ஏரி, ஏரியையும் வங்கக் கடலையும் பிரிக்கும் நிலத்திட்டு ஸ்ரீஹரிகோட்டா. 2004 செப்டம்பர் 20 அன்று அங்கிருந்து கிளம்பிய ஜி.எஸ்.எல்.வி. ஏவுகலம் எஜுசாட்டைச் சுமந்து சென்றது. கல்விக்கென்றே இந்தியா அனுப்பிய முதல் செயற்கைக்கோள் அது. அதற்கு முந்தைய ஆண்டுதான் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியிருந்தது. ஒன்று வானத்திலிருந்து பாடத்தை இறக்க முனைந்தது. மற்றொன்று பாடத்தை அட்டைகளாக்கிப் பாயில் பரப்பியது. தமிழ்நாட்டுத் தொடக்கக் கல்வியில் இன்றும் முட்டிமோதும் இவ்விரு போக்குகளின் வரலாற்றை இக்கட்டுரை பின்தொடர்கிறது. கருவிகளைப் பற்றியதாகத் தோன்றும் இந்த வழக்கின் அடியில் ஆசிரியரின் நேரத்தைப் பற்றிய வழக்கு ஒன்று இருக்கிறது என்பதே என் வாதம்.

கையால் கற்றலின் பழைய சான்றுகள் மணலில் தொடங்குகின்றன. 1623இல் கன்னட நாட்டில் சிறுவர்கள் தரையில் மணலைத் தூவி, பாடிக்கொண்டே எண்களை எழுதிப் பழகியதை இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வாலே பதிவு செய்தார். 1789இல் சென்னை எழும்பூரின் படைவீரர் அநாதைச் சிறுவர் இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். தம் இல்லத்திலும் அதைச் செய்யச் சொன்னபோது உதவி ஆசிரியர்கள் முடியாது என்றார்கள். எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை வைத்து அதைச் செய்துகாட்டினார் பெல். 1797இல் அவர் வெளியிட்ட நூலின் வழியே பிள்ளையைக் கொண்டே பிள்ளைக்குக் கற்பிக்கும் இந்த ‘மெட்ராஸ் முறை’ இங்கிலாந்துக்குப் போனது.

நம் மணல் உலகுக்கே எழுத்தறிவித்தது என்று பெருமையோடு நிறுத்திக்கொள்வது நம் வழக்கம். ஆனால் கப்பலேறிய பிறகு அதற்கு நேர்ந்ததுதான் கவனிக்கத்தக்கது. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தருவதால் ஒரே ஆசிரியரை வைத்துப் பெருங்கூட்டத்தை நடத்தலாம், சம்பளம் மிச்சம். ஏழைப் பிள்ளைகளுக்கான மலிவுக் கல்வியாகவே அம்முறை அங்கே பரவியது. குறைந்த செலவில் அதிகப் பிள்ளைகள் என்று இன்றைய செயலி விற்பனையாளர்கள் சொல்வதை மணற்பலகையின் பெயரால் அன்றே சொல்லியாயிற்று.

திண்ணைப் பள்ளியையும் கைவினைக்கூடமாகக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி ஆகிய கணக்குச் சுவடிகளை ஆராய்ந்த செந்தில்பாபு, அங்கே நினைவாற்றலே கற்றலின் முறையாக இருந்ததைக் காட்டுகிறார். கை எழுதும், வாய் ஒப்பிக்கும், ஒவ்வொரு பிள்ளையையும் வாத்தியார் நேரில் சோதிப்பார். 1826இல் தாமஸ் மன்றோ தம் குறிப்பில் சென்னை மாகாணத்துக்குக் கணக்கிட்ட பள்ளிகள் 12,498. அவற்றில் படித்தோர் 1,88,650 பேர். சராசரியாகப் பள்ளிக்குப் பதினைந்து பேர்! அந்தச் சிறு எண்ணிக்கை இல்லாமல் அந்தச் சோதனை முறை நடந்திருக்காது. அந்தப் பதினைந்து பேரில் மீனவர் வீட்டுப் பிள்ளைகளைத் தேடுவது வீண்வேலை.

கைத்தொழில் என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் ஒரு தழும்பு உண்டு. 1953இல் இராஜாஜி கொண்டுவந்த திருத்தப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம், கிராமப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதிப் பொழுதில் வீட்டுத் தொழிலைப் பழகச் சொன்னது. குலக்கல்வி என்ற எதிர்ப்புக் குரல் எழுந்தது. 1954இல் காமராசர் ஆட்சிக்கு வந்ததும் அது கைவிடப்பட்டது. ஏரிக்கரையில் நின்று பார்த்தால் அந்த எதிர்ப்பின் நியாயம் விளங்கும். செம்படவர் பிள்ளைக்கும் பட்டினவர் பிள்ளைக்கும் ‘செய்து கற்றல்’ என்றால் படகில் ஏற்றிவிடுவது என்று பொருளாகியிருக்கும். வகுப்பறைக்குள் வலையைக் கொண்டுவருவது வேறு. பிள்ளையை வலைக்குத் திருப்பி அனுப்புவது வேறு.

உள்ளே கொண்டுவரத் தக்கது இங்கே நிறைய இருக்கிறது. பழவேற்காட்டின் பாடு முறையையே எடுத்துக்கொள்வோம். சுத்துவலை போடும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு இது. இத்தனை இடம், இத்தனை வலை, யாருக்கு எந்த நாள்? வகுத்தலும் மீதியும் சுழற்சியும் இதில் அடங்கியிருக்கின்றன. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் சோழியையும் சீட்டையும் வைத்து ஒரு மதியத்தில் இதை நடத்திப் பார்த்துவிடலாம். ஆனால் பாடு உரிமை பரம்பரையாகச் சில ஊர்களின் பட்டினவர் குடும்பங்களுக்கே உரியது. அதே வகுப்பில், சேற்றில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் வீட்டுச் சிறுமியும் உட்கார்ந்திருப்பாள். உள்ளூர் அறிவைப் பாடமாக்கும்போது உள்ளூர் ஏற்றத்தாழ்வும் கூடவே வந்து உட்காரும். இதை அட்டை சொல்லாது, திரையும் சொல்லாது. ஆசிரியர்தான் கவனிக்க வேண்டும்.

ஆந்திரத்தின் ரிஷிவேலியில் உருவான முறையைத் தழுவி, அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007இல் மாநிலமெங்கும் பரவியது. பிள்ளையின் உயரத்துக்குத் தாழ்மட்டக் கரும்பலகை, கற்றல் ஏணி, சின்னம் பொறித்த அட்டைகள், வரைந்ததை மாட்டக் கம்பிப் பந்தல் என வகுப்பறையின் தோற்றமே மாறியது. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் அமர்ந்தார். என் கணிப்பில் அட்டைகளைவிடப் பெரிய மாற்றம் அதுதான். சில ஆண்டுகளில் பல இடங்களில் அட்டையை எடுப்பதும் ஏணியில் குறிப்பதும் சடங்காகிப்போயின. 2012க்குப் பிறகு முப்பருவ முறையோடு எளிமைப்படுத்தப்பட்ட வடிவம் வந்தது.

எண்ணிமக் கருவிகளைப் பற்றி இந்தியாவிலேயே நல்ல சான்று உண்டு. குஜராத்தின் ஞான்சாலா பள்ளிகளில் லீ லிண்டன் நடத்திய ஆய்வு 2008இல் வெளிவந்தது. ஒரே கணினிக் கணிதப் பயிற்சி, இரு வகையில் தரப்பட்டது. ஆசிரியர் கற்பிக்கும் நேரத்தை எடுத்துக்கொண்டு கொடுத்தபோது பிள்ளைகள் 0.57 திட்ட விலக்கம் பின்தங்கினார்கள். பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதலாகக் கொடுத்தபோது 0.28 முன்னேறினார்கள். மென்பொருள் ஒன்றுதான். நல்ல ஆசிரியரின் இடத்தை அது பிடித்ததா, அவருக்குத் துணை நின்றதா என்பதே முடிவை மாற்றியது.

கையின் பக்கமும் ஒரு சான்று. எழுத்துகளைப் பார்க்கும்போது, இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளின் மூளையில் நடப்பதை ஜேம்ஸ், எங்கல்ஹார்ட் இருவரும் 2012இல் ஆராய்ந்தார்கள். ஆளெண்ணிக்கையில் சிறிய ஆய்வுதான். வாசிப்புக்குரிய மூளைப் பகுதிகள், தட்டச்சு செய்த எழுத்தைவிடத் தானே கையால் எழுதிய எழுத்துக்கே வலுவாகத் தூண்டப்பட்டன. புள்ளிக் கோட்டின் மேல் ஓட்டி வரைந்ததுகூட அதற்கு ஈடாகவில்லை. தொடுதிரைச் செயலிகள் பெரும்பாலும் புள்ளிக்கோட்டு வேலையையே தருகின்றன. மணலில் புள்ளிக்கோடு கிடையாது. தப்பும் தவறுமாகத் தானேதான் எழுதியாக வேண்டும்.

பெருந்தொற்று இந்த விவாதத்தைப் பரிசோதனையாக்கியது. 2019 ஆகஸ்டிலேயே கல்வித் தொலைக்காட்சி தொடங்கிவிட்டது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. தமிழ்நாட்டின் 220 கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்த சிங், ரொமேரோ, முரளிதரன் குழு, 2021 டிசம்பரில் கணிதத்தில் சுமார் 0.7 திட்ட விலக்க இழப்பைக் கண்டது. அடுத்த ஆறு மாதங்களுக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அம்மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தால் வந்தது என்பது அவர்கள் கணக்கு. மாலையில் தெருவில் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்த தன்னார்வலர்கள் செய்தது அது. கைப்பேசி பழவேற்காட்டில் அந்நியப் பொருளில்லை. மீனவர்கள் காற்றின் போக்கையே அதில்தான் பார்க்கிறார்கள். ஆனாலும் இழந்ததை மீட்கப் பக்கத்தில் ஓர் ஆள் தேவைப்பட்டார்.

2022 ஜூன் 13 அன்று எண்ணும் எழுத்தும் திட்டம் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தொடங்கப்பட்டது. அரும்பு, மொட்டு, மலர் என நிலைகள். பாடல், பொம்மலாட்டம், கதைக்களம். செயல்வழிக் கற்றலின் வாரிசு என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் மதிப்பீடு ஆசிரியரின் கைப்பேசியில். எண்ணிமக் கருவி இம்முறை பிள்ளையின் கைக்குப் போகாமல் ஆசிரியரின் கைக்கு வந்தது, கற்பிக்க அன்றிப் பதிவேற்ற. கல்வித் தகவல் மேலாண்மைத் தளத்தில் விவரம் ஏற்றுவதே பொழுதைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் மீண்டும் மீண்டும் முறையிட்டன.

2024இல் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சுமார் 80,000 கைக்கணினிகளும், தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறைகளும் அறிவிக்கப்பட்டன. இவற்றின் பயனை ஆராயப் புகுவோர் திரை எத்தனை மணி நேரம் ஓடியது என்று கணக்கெடுக்க முற்படுவார்கள். இயந்திரமே அந்தக் கணக்கைத் தந்துவிடும். இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்க்கும் பள்ளியில், ‘அரும்பு’ நிலையில் நிற்கும் பிள்ளையின் பக்கத்தில் ஆசிரியர் உட்கார்ந்த நிமிடங்கள் கூடினவா குறைந்தனவா என்பதை எந்த இயந்திரமும் தராது. ஒரு வாரம் அந்த வகுப்பின் மூலையில் கடிகாரத்தோடு யாராவது உட்கார்ந்துதான் எண்ண வேண்டும்.